மூன்று விதிகளும் பதினாறு வருட வழக்கும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த முதல் உருப்படியான பணி ஒரு வங்கிக் கார்டு சம்பந்தப்பட்டது. எந்த வங்கி, எந்த கம்பெனி என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. எக்ஸெல் ஷீட்டில் ஒரே ஒரு வரி: "மூன்று முறை தவறான பின் நம்பர் கொடுத்தால் கார்டு லாக் ஆக வேண்டும்." படித்தேன், புரிந்தது, எழுதினேன். டெஸ்டிங்கும் பாஸ்.

சில மாதம் கழித்து ஒரு புகார் வந்தது. பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். மாதத்துக்கு ஒரு தடவைதான் ஏடிஎம் பக்கம் போவார். சில மாதம் முதல் தடவை தப்பாக அழுத்திவிட்டு, அடுத்த தடவை சரியாகப் போட்டுப் பணம் எடுத்துக்கொண்டு போவார். ஒரு மாதம் ஒரே ஒரு தடவை தப்பாகப் போட்டார், கார்டு லாக் ஆகிவிட்டது. மருந்து வாங்கக் காசில்லாமல் அலைந்திருக்கிறார்.

காரணம் நான்தான். தப்புகளை எண்ணும் கவுன்ட்டரை, சரியான நம்பர் போட்ட பிறகு பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஷீட்டில் இருந்த வரியில் "தொடர்ந்து" என்ற சொல் இல்லை. "ஒரே நாளில்" என்ற சொல்லும் இல்லை. அந்த வரிக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. கேள்வி இருப்பதே தெரியாமல் நான் அதற்குப் பதிலும் எழுதிவிட்டேன்.

ஆளைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இதே மாதிரி ஒரு சின்ன விஷயத்தில், கணினித்துறையின் பெரிய தலைகள் பலர் அடுத்தடுத்து வழுக்கி விழுந்த ஒரு கதை இருக்கிறது. மனிதர் பேசும் மொழியில் சொன்ன தேவையை, ஒரே ஒரு பொருள் மட்டும் கொள்ளக்கூடிய கணிதக் குறிப்பாக மாற்றுவது எப்படி என்று யோசித்தவர்களின் வரலாற்றில் அது ஒரு முக்கியமான அத்தியாயம். அந்தக் கணிதக் குறிப்புக்குத் துறைக்குள் ஃபார்மல் ஸ்பெசிஃபிகேஷன் என்று பெயர். நாம் சுருக்கமாக ஃபார்மல் ஸ்பெக் என்றே வைத்துக்கொள்வோம். கணங்கள், சார்புகள், தர்க்கச் சூத்திரங்கள், அட்டவணைகள் என்று அது பல உருவத்தில் வரும்.

1969: நவுர் போட்ட கணக்கு

பீட்டர் நவுர் டென்மார்க்காரர். ஆல்கால் 60 என்ற நிரல்மொழியின் அறிக்கையைத் தொகுத்தவர். ஒரு நிரல்மொழியின் இலக்கணத்தைச் சூத்திரங்களாக எழுதும் பேக்கஸ்-நவுர் வடிவம் என்பதில் இருக்கும் நவுர் இவர்தான். துல்லியம் என்றால் என்ன என்று இவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆல்கால் அறிக்கையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. மொழியின் இலக்கணம் சூத்திரத்தில் இருந்தது. ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்ற பொருள் விளக்கம் சாதாரண ஆங்கிலத்தில் இருந்தது. சர்ச்சைகள் பெரும்பாலும் இரண்டாவது பகுதியில்தான் முளைத்தன. ஆல்கால் 60-இல் மிச்சமிருக்கும் தொல்லைகள் என்று 1967-இல் டொனால்ட் க்னூத் ஒரு கட்டுரையே எழுதினார்.

1969-இல் 'பிட்' என்ற ஆய்விதழில் நவுர் நிரல் எழுதும் முறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் உதாரணத்துக்காக ஒரு சின்னக் கணக்கு. என் சொற்களில் சொன்னால் இவ்வளவுதான்: வெற்றிடத்தாலோ வரி முறிவாலோ பிரிக்கப்பட்ட சொற்கள் கொண்ட ஒரு உரை இருக்கிறது. அதை வரி வரியாக அடுக்க வேண்டும். விதிகள் மூன்று. மூல உரையில் இடைவெளியோ முறிவோ இருந்த இடத்தில் மட்டுமே வரியை உடைக்கலாம். ஒவ்வொரு வரியையும் முடிந்த மட்டும் நிரப்ப வேண்டும். எந்த வரியும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எழுத்துகள் கொண்டிருக்கக் கூடாது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஏறத்தாழ 25 வரியில் ஆல்கால் நிரல் எழுதி, அது சரிதான் என்பதற்கு ஒரு வாதத்தையும் நவுர் சேர்த்திருந்தார்.

அடுத்த வருடமே, 1970-இல், லீவன்வொர்த் என்பவர் மதிப்புரை எழுதும்போது ஒரு பிழையைச் சுட்டினார். முதல் சொல் வரியின் முழு அகலத்துக்குச் சரியாகப் பொருந்தினால் ஒழிய, முதல் வரி ஒரு தேவையில்லாத வெற்றிடத்தோடு தொடங்குகிறது. 1971-இல் ரால்ஃப் லண்டன் இன்னும் 3 பிழைகளைக் கண்டுபிடித்தார். அதில் ஒன்று, அளவுக்கு மீறி நீளமான சொல் ஒன்று வந்தால் ஒழிய நிரல் நிற்கவே நிற்காது என்பது! திருத்தி எழுதி, அது சரி என்று கணித முறையில் நிரூபணமும் கொடுத்தார். 1975-இல் ஜான் குடினஃப், சூசன் கெர்ஹார்ட் இருவரும், லண்டன் கண்ணிலும் படாத 3 குறைகளை எடுத்துப் போட்டார்கள். உதாரணத்துக்கு, கடைசிச் சொல்லுக்குப் பின்னால் வெற்றிடமோ வரி முறிவோ இல்லாவிட்டால் அந்தச் சொல் வெளியே வராமலே போய்விடும்.

(இந்தக் கதையில் பெயர்க் குழப்பம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஜான் குடினஃப் வேறு, லித்தியம் பேட்டரிக்கு நோபல் வாங்கிய ஜான் குடினஃப் வேறு. கொஞ்ச நேரத்தில் ஒரு மைக்கேல் ஜாக்சனும் வருவார். அவருக்கும் மூன் வாக்குக்கும் சம்பந்தமில்லை.)

நிரூபணம் இருந்தும் பிழை எப்படி மிஞ்சியது? எதை நிரூபிக்கிறோம் என்பதே சரியாக எழுதப்படவில்லை என்பது ஒரு பெரிய காரணம். அந்த மூன்று விதிகளும் பல விஷயங்களில் வாய் திறப்பதில்லை. வரியைவிட நீளமான சொல் வந்தால் என்ன செய்வது? இரண்டு சொற்களுக்கு நடுவே ஐந்து வெற்றிடம் இருந்தால் ஐந்தும் வர வேண்டுமா, ஒன்று போதுமா? உரை எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? சொல்லே இல்லாத உரைக்கு என்ன விடை?

அதனால் குடினஃப்-கெர்ஹார்ட் இணை நிரலோடு நிற்காமல் தேவைக் குறிப்பையே புதிதாக எழுதியது. உரை முடிவுக்குத் தனிக் குறி, நீளச் சொல் வந்தால் எச்சரிக்கை, எது சொல், எது இடைவெளி என்று வரையறை. நவுர் எழுதியதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு நீளம். இனி ஓட்டை இருக்காது என்று நினைக்கத் தோன்றும் கவனத்தோடு எழுதப்பட்ட ஆங்கிலம்.

1985: மேயர் போட்ட குறுக்கு விசாரணை

1985 ஜனவரியில் ஐஇஇஇ சாஃப்ட்வேர் இதழில் பெர்ட்ரண்ட் மேயர் எழுதிய கட்டுரை வந்தது. பின்னாளில் ஐஃபெல் என்ற நிரல்மொழியை உலகுக்குத் தந்தவர் இவர். குடினஃப்-கெர்ஹார்ட் எழுதிய அந்த நீளமான குறிப்பை, நம்மூர் உரையாசிரியர்கள் நூற்பாவைப் பிரிப்பதுபோல வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தார். உரையாசிரியர் பொருள் சொல்வார். இவர் குற்றம் கண்டார்.

குற்றங்களுக்கு அவர் ஒரு வகைப்பாடும் கொடுத்தார். 7 பாவங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று இரைச்சல், அதாவது எந்தத் தகவலும் தராத வாக்கியம். இரண்டு மௌனம், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. மூன்று அதிகப் பேச்சு, "என்ன வேண்டும்" என்று சொல்ல வந்தவர் "எப்படிச் செய்" என்றும் சேர்த்துச் சொல்வது. நான்கு முரண். ஐந்து ஈரடி, ஒரே வாக்கியம் இரண்டு பொருள் தருவது. ஆறு, பின்னால் வரப்போகும் சொல்லை முன்னாலேயே விளக்கமில்லாமல் பயன்படுத்துவது. ஏழு வெறும் ஆசை, செய்து முடித்தோமா என்று சோதிக்கவே முடியாதபடி எழுதுவது. "சிஸ்டம் வேகமாக இருக்க வேண்டும்" என்று எழுதும் நம்மில் பலர் ஏழாவது பாவத்தில் தினமும் குளிப்பவர்கள்.

முரணுக்கு ஒரு உதாரணம். உள்ளே வரும் உரையின் தொடக்கத்திலும் இடைவெளி இருக்கலாம் என்று அந்தக் குறிப்பு அனுமதிக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு இடைவெளியும் வெளியே ஒற்றை இடைவெளியாகச் சுருங்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியானால் தொடக்கத்தில் இருந்த இடைவெளி? லீவன்வொர்த் 1970-இல் பிழை என்று சொன்ன அதே முன்வெற்றிடம், இப்போது விதியின் பெயரிலேயே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"முடிந்த மட்டும் நிரப்பு" என்ற விதியைப் பாருங்கள். எல்லோருக்கும் புரிந்த மாதிரி இருக்கும் விதி. நமக்குத் தெரிந்த வாக்கியத்தை வைத்து நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன்: "நேற்று மழை வந்தது". ஒரு வரிக்கு அதிகபட்சம் 8 எழுத்து. நேற்று என்பதில் 3 எழுத்து, மழை 2, வந்தது 4. நடுவே வரும் வெற்றிடத்துக்கு ஒன்று.

"நேற்று மழை" முதல் வரி, "வந்தது" இரண்டாம் வரி என்று அடுக்கலாம். "நேற்று" முதல் வரி, "மழை வந்தது" இரண்டாம் வரி என்றும் அடுக்கலாம். இரண்டிலும் எந்த வரியும் 8-ஐத் தாண்டவில்லை. இரண்டிலும் மொத்தம் 2 வரிதான். முதலாவதில் முதல் வரி நிரம்பியிருக்கிறது, இரண்டாவதில் இரண்டாம் வரி நிரம்பியிருக்கிறது. எது சரி? மேலிருந்து கீழே வரும்போது முதலில் கிடைக்கும் வரியை நிரப்பு என்று நம் கை பழக்கத்தில் சொல்லும். ஆனால் அது தேவையா, அல்லது நிரல் எழுதுகிறவரின் பழக்கமா? மேயர் தன் ஃபார்மல் ஸ்பெக்கில் இதற்கு ஒரு முடிவெடுத்தார்: வரிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் போதும். இரண்டு அடுக்குமே ஏற்கத்தக்கவை.

இன்னொரு கேள்வி தமிழில் எழுதும்போதுதான் எனக்குத் தட்டுப்பட்டது. "எழுத்து" என்றால் என்ன? மேலே நான் பள்ளிக்கூடக் கணக்கில் எண்ணினேன். யூனிகோடில் மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனி இடம் பிடிப்பவை. அந்தக் கணக்கில் நேற்று 6, மழை 3, வந்தது 6. இப்போது "நேற்று மழை" 10 ஆகிவிட்டது, "மழை வந்தது" என்பதும் 10. எதுவுமே 8-க்குள் சேராது, 3 சொல்லும் 3 வரி. அதே வாக்கியம், அதே விதி, விடை வேறு. 1969-இல் ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்து எழுதியவருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வார்த்தைக்குள் உலகம் ஒளிந்திருக்கும் என்பார்களே, அது இதுதான்.

மேயர் கடைசியில் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கணங்கள், சார்புகள், தொடர்புகள் என்று அந்தக் கணக்கை முழுக்கக் கணிதமாக எழுதினார். அத்தோடு விடவில்லை. அந்தக் கணிதத்தைப் பார்த்து மறுபடியும் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அது பழைய இரண்டு ஆங்கிலக் குறிப்புகளைவிடத் தெளிவாக இருந்தது. சூத்திரம் வழியாக ஒரு சுற்று போய்த் திரும்பி வந்த வாக்கியம், போன வாக்கியம்போல இருப்பதில்லை. போன வழியில் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்ததே.

கேள்வியை முதலில் எழுது

இதெல்லாம் ஆய்விதழ்ச் சண்டை, நிஜ வேலைக்கு ஆகுமா என்று கேட்கலாம். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் டேவிட் பார்னஸ், கேத்ரின் ஹெனிங்கர் முதலானோர் ஏ-7 என்ற போர் விமானத்தின் மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள். அது ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த விமானம், ஓடிக்கொண்டிருந்த நிரல். அந்த நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதை முழுமையாகச் சொல்லும் ஆவணத்தை உருவாக்குவது வேலை. ஆவணம் 1978-இல் வந்தது. அந்த அனுபவத்தை ஹெனிங்கர் 1980-இல் கட்டுரையாக எழுதினார்.

அவர்கள் கையாண்ட கருவி அட்டவணை. மேலே நிலைமைகள், கட்டங்களுக்குள் அந்தந்த நிலைமையில் வெளிவர வேண்டிய மதிப்பு. கேட்க ரொம்பச் சாதாரணம். ஆனால் அட்டவணைக்கு ஒரு குணம் உண்டு: ஒரு கட்டம் காலியாக இருந்தால் கண்ணில் குத்தும். பத்தியில் விட்டுப்போன விஷயம் யாருக்கும் தெரிவதில்லை. அட்டவணையில் மௌனத்துக்கு ஒரு வடிவம் கிடைத்துவிடுகிறது. ஹெனிங்கர் சொன்ன கொள்கைகளில் ஒன்று, பதில் தேடுவதற்கு முன் கேள்விகளை எழுதிவிடு என்பது. என் கார்டு கதைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

1990-களின் தொடக்கத்தில் இன்னொரு நிகழ்வு. நடுவானில் இரண்டு விமானங்கள் மோதிக்கொள்ளாமல் எச்சரிக்கும் டிகாஸ் 2 கருவிக்கான தேவைக் குறிப்பை எழுத வேண்டியிருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் நான்சி லெவ்சன் குழு ஃபார்மல் ஸ்பெக் எழுதியது. அதற்கு இணையாக ஆங்கிலத்திலும் ஒரு குறிப்பு தயாரிக்கும் முயற்சி நடந்தது. கணிதம் புரியாது, ஆங்கிலம் புரியும் என்பதுதானே பொது நம்பிக்கை? நடந்தது தலைகீழ். கைவிடப்பட்டது ஆங்கில முயற்சிதான்.

ஆனால் இதில் லெவ்சன் குழு செய்த ஒரு விட்டுக்கொடுப்பையும் சொல்ல வேண்டும். முதலில் தர்க்கக் குறியீட்டில் எழுதிப் பார்த்தார்கள். சரிபார்க்க வந்த விமானத்துறை ஆட்களுக்கு அது ஏறவில்லை. அதனால் ஆம், இல்லை, எதுவானாலும் சரி என்று நிரப்பும் எளிய அட்டவணைகளுக்கு மாறினார்கள். பொருள் அதேதான், துல்லியம் அதேதான், படிப்பவர் மட்டும் மாறினார். படித்துப் பார்த்து "இது இப்படி இல்லையே" என்று சொல்லக்கூடிய ஆள் படிக்க முடியாவிட்டால், எவ்வளவு துல்லியம் இருந்து என்ன பயன்?

சூத்திரமும் ஏமாற்றும்

இவ்வளவு சொன்னபிறகு சூத்திரம் எழுதிவிட்டால் எல்லாம் சுபம் என்று தோன்றலாம். இல்லை.

1977-இல் இஸ்ரேலின் ஆமிர் ப்னுவேலி, காலத்தைப் பற்றிப் பேசும் தர்க்கத்தை நிரல்களுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். "எப்போதும்", "என்றைக்காவது" என்ற சொற்களுக்கு அங்கே கறாரான கணிதப் பொருள் உண்டு. 1996-இல் இதற்காக டூரிங் விருதும் கிடைத்தது. இந்தத் தர்க்கத்தில் அடிக்கடி எழுதப்படும் வாக்கியம், "கேட்டால் கிடைக்கும்" என்ற வகை. 1999-இல் ட்வயர், அவ்ருனின், கார்பெட் மூவரும் 555 ஸ்பெக்குகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, அவற்றில் 92 சதவீதம் சில குறிப்பிட்ட வார்ப்புகளுக்குள் அடங்கிவிட்டன. அவற்றில் முன்னால் நின்றது இந்த "கேட்டால் கிடைக்கும்" வார்ப்புதான்.

டீக்கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். "எப்போது ஒருவர் டீ கேட்டாலும், அதன்பின் என்றைக்காவது டீ வரும்." மூன்று பேர் அடுத்தடுத்து டீ கேட்கிறார்கள். ஒரே ஒரு டீ வருகிறது. சூத்திரம் நிறைவேறிவிட்டது! மூன்று கேட்பும் முன்னால் நடந்தவை, மூன்றுக்கும் பிறகு ஒரு டீ வந்திருக்கிறது. அது பத்து வருடம் கழித்து வந்தாலும் சூத்திரத்துக்குச் சம்மதம். யாரும் டீயே கேட்காத கடையும் விதியைக் கடைப்பிடிக்கிற கடைதான். சூத்திரம் பொய் சொல்லவில்லை. நாம் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. நாம் நினைத்தது அதற்குத் தெரியாது.

இதைவிடக் கனமான உதாரணம் 1993 செப்டம்பர் 14 அன்று வார்சா விமான நிலையத்தில் நடந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த லுஃப்தான்சா 2904, ஏர்பஸ் ஏ320 வகை விமானம். தேவை எளிமையானது: தரையில் இறங்கிய பிறகுதான் எஞ்சினின் எதிர்விசை வேலை செய்ய வேண்டும், பறக்கும்போது தவறிக்கூட வேலை செய்யக் கூடாது. மிக நியாயமான தேவை. ஆனால் "தரையில்" என்பதை ஒரு கணினி எப்படி அறியும்? இரண்டு பக்க முதன்மைச் சக்கரக் கால்களும் எடையால் அமுங்கியிருக்க வேண்டும் என்று அது எழுதப்பட்டிருந்தது. இறக்கைமேல் தூக்கப்படும் ஸ்பாய்லர் பலகைகளுக்கு இன்னொரு வாய்ப்பும் இருந்தது, சக்கரங்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றாலும் போதும்.

அன்று மழை. குறுக்குக் காற்று வரும் என்று எதிர்பார்த்து விமானிகள் வலப்பக்கம் லேசாகச் சாய்த்து இறக்கினார்கள். வலது சக்கரம் தொட்டது. இடது சக்கரம் தொட 9 விநாடி ஆனது. நீர் நின்ற ஓடுதளத்தில் சக்கரங்கள் உருளாமல் வழுக்கின. அந்த விநாடிகளில் விமானம் தரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கணினியின் வரையறைப்படி அது இன்னும் தரைக்கு வரவில்லை. ஓடுதளம் முடிந்து மேட்டில் மோதியது. இருவர் இறந்தார்கள். காற்று பற்றிய தகவல், இறங்கிய வேகம் என்று வேறு காரணங்களும் அதில் சேர்ந்திருந்தன. எந்த விபத்துக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. ஆனால் மென்பொருள் தன் ஸ்பெக்கை மீறவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது.

நான் முன்பே சொன்ன மைக்கேல் ஜாக்சன் வருவது இங்கேதான். மென்பொருள் பொறியியலில் நீண்ட காலம் உழைத்த பிரிட்டிஷ்காரர். தேவை என்பது வெளியுலகத்தைப் பற்றியது, ஸ்பெக் என்பது உலகமும் இயந்திரமும் தொட்டுக்கொள்ளும் எல்லையைப் பற்றியது என்று அவர் 1990-களில் பிரித்துக் காட்டினார். விமானம் ஓடுதளத்தில் ஓடுகிறது என்பது உலகம். சக்கர உணரியிலிருந்து சமிக்ஞை வருகிறது என்பது எல்லை. ஓடுதளத்தில் ஓடினால் சக்கரம் சுழலும், சுழன்றால் சமிக்ஞை வரும் என்ற அனுமானம் இரண்டையும் இணைக்கும் பாலம். மழை நாளில் உடைவது அந்தப் பாலம்தான். சூத்திரத்துக்குள் எவ்வளவு தேடினாலும் அந்த உடைப்பு தெரியாது, ஏனென்றால் அது சூத்திரத்துக்கு வெளியே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, மழையில் விமானம் இறக்கிய ஒருவரிடம் பேச வேண்டும்.

இப்போது யார் கேட்பார்கள்?

இந்த வரலாற்றை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வாக்கியத்தைச் சூத்திரமாக மாற்றும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும் காலம் வந்துவிட்டது. நாசாவின் எய்ம்ஸ் மையம் ஃப்ரெட் என்ற கருவியைத் திறமூலமாக வெளியிட்டிருக்கிறது. கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலத்தில், எந்த நிலைமையில், எந்தப் பாகம், எவ்வளவு நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்று பகுதி பகுதியாக எழுதினால் அது சூத்திரம் தரும். நேரத்தைச் சொல்லாமல் விட்டால் "என்றைக்காவது" என்று எடுத்துக்கொள்ளும். டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஃப்ரெட் அப்படி எடுத்துக்கொண்டதை மறைப்பதில்லை, தனக்குப் புரிந்ததை விளக்கமாகவும் படமாகவும் காட்டும்.

பெரிய மொழி மாதிரிகள் வந்தபின் கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலம்கூடத் தேவையில்லை. எப்படி எழுதினாலும் ஒரு சூத்திரம் வந்துவிடும். எனக்குப் பயம் இங்கேதான். பழைய மொழிபெயர்ப்பாளர் தடுமாறுவார். "முடிந்த மட்டும் என்றால் என்ன சார்?" என்று கேட்பார். அந்தத் தடுமாற்றம்தான் நவுர் கணக்கில் இத்தனை வருடம் பயன் தந்தது. தடுமாறாமல் மொழிபெயர்க்கும் ஒன்று, மௌனம் இருந்த இடத்தைச் சரளமாக நிரப்பிவிடும். நான் அந்தக் கவுன்ட்டரை நிரப்பிய மாதிரி. 2023-இல் வெளிவந்த என்எல்டுஸ்பெக் என்ற ஆய்வுக் கருவி இதை உணர்ந்தே செய்யப்பட்டதாகத் தெரிகிறது. முழு வாக்கியத்துக்கு ஒரே விடையாகக் கொடுக்காமல், வாக்கியத்தின் எந்தத் துண்டை எந்தச் சூத்திரமாகப் புரிந்துகொண்டது என்று காட்டி, மனிதரைத் திருத்தச் சொல்கிறது. வேகம் குறைந்தாலும் இதுதான் எனக்கு நல்ல வழியாகப் படுகிறது.

தினசரி வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி. "18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சரியாக 18 முடிந்த பெண் விண்ணப்பிக்கலாமா? "மேற்பட்ட" என்பதில் 18 சேருமா, சேராதா? எந்தத் தேதியில் வயதைக் கணக்கிட வேண்டும், விண்ணப்பிக்கும் நாளிலா, கடைசித் தேதியிலா? பெரிதாகவோ சமமாகவோ என்று ஒரு குறி போட்டால் நிரல் ஓடும். எந்தக் குறி போடுவது என்பது நிரல் எழுதுகிறவர் தீர்மானிக்கிற விஷயமே இல்லை. யாருக்கு வாய்ப்பு, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த ஒற்றைக் குறிக்குள் இருக்கிறது.

அந்தப் பெரியவர் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். பிழையைத் திருத்த எனக்கு ஒரே வரிதான் தேவைப்பட்டது. திருத்திய கையோடு, அந்த எக்ஸெல் வரியை எழுதிய மேலாளரிடம் போய்க் கேட்டேன்: "சார், மூணு தடவைன்னா தொடர்ந்து மூணு தடவையா?" அவர் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தார். "அது தெரிஞ்ச விஷயம்தானேப்பா?"

அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைப் படித்துத் தலையாட்டியிருக்கிறோம். அதற்கப்புறம் எந்தத் தேவைக் குறிப்பு வந்தாலும், நிரல் எழுதும் முன் ஒரு தாளில் கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டு போகும் பழக்கம் வந்தது. சில சமயம் சிரிப்பார்கள். சில சமயம் கேள்வியைப் படித்துவிட்டு, "இரு, நான் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போவார்கள். அப்படி அவர்கள் எழுந்து போன நாட்களில்தான் உருப்படியாக ஏதோ செய்த மாதிரி எனக்கு இருக்கும்.